18 ரூபாய் பெட்டிக்கு 6,000 ரூபாய் கார்டு

மதுரையில் ஒரு மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரின் கதை இது. வேலைக்குப் போன முதல் வருஷம், 2012 ஆடித் தள்ளுபடியில், மூத்த மகன் வாங்கிப் போட்டது. ஐ5 3470 பிராசசர், ஜிடி 630 கிராபிக்ஸ் கார்டு, மானிட்டரோடு சேர்த்து 38,000 ரூபாய். அண்ணன் பெங்களூர் போய்விட, பகலில் அப்பாவின் டேலி கணக்கு, ராத்திரியில் காலேஜ் படிக்கும் தம்பியின் கேம் என்று பெட்டி இரண்டு ஷிப்ட் பார்க்க ஆரம்பித்தது.

வருமான வரிக் கணக்குப்படி கம்ப்யூட்டருக்கு தேய்மானம் முன்பு 60 சதவீதம், 2017-18 முதல் 40 சதவீதம். வருஷா வருஷம் மிச்சமிருக்கும் மதிப்பில் கழித்துக்கொண்டே வந்தால், 2023 மார்ச்சில் அந்த 38,000 ரூபாய் பெட்டியின் புத்தக மதிப்பு 18 ரூபாய் சொச்சம். ஒரு டீயும் ஒரு வடையும் கூட வராது! அதற்குத்தான் தம்பி 6,000 ரூபாயில் புது கார்டு போடக் கிளம்பினான். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு. காரணம் ஜிடிஏ 5. கம்ப்யூட்டருக்கு 2015ல் வந்த கேம்தான், ஆனால் ஜிடி 630ல் கார் ஓட்டினால் மாட்டு வண்டி மாதிரி போகும்.

அவன் போன நேரம் நல்ல நேரம். 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயத்தை கார்டு வைத்துத் தோண்டும் முறை முடிவுக்கு வந்தது. தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் பழைய மார்க்கெட்டில் வந்து குவிந்தன. கடைக்காரர் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரை எடுத்து நீட்டினார். "தம்பி, இன்னும் ஒரு மூவாயிரம் போடு, ராஜா மாதிரி ஓடும்."

இங்கேதான் நிறைய பேர் கவிழ்கிறார்கள். மதர்போர்டின் ஸ்லாட் ஒரு கார்டுக்குக் கொடுக்கும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். 1660 சூப்பருக்கு 125 வாட் வேண்டும். மீதிக்கு பவர் சப்ளையிலிருந்து தனியாக 8 பின் வயர் வர வேண்டும். பழைய லோக்கல் பவர் சப்ளையில் அது இல்லை. "அடாப்டர் வயர் தர்றேன்" என்றார் கடைக்காரர். மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் பதினொரு வருஷப் பெட்டியை நம்பி அதைச் செய்தால் கார்டும் போகும், போர்டும் போகலாம். தம்பி போனில் அண்ணனைக் கேட்டான். "தனி வயர் கேக்காத கார்டா பாருடா. அந்த பிராசசருக்கு அதுக்கு மேல போட்டா, கார்டு சும்மா உக்காந்திருக்கும்" என்றான் அண்ணன். வந்தது 1050 டிஐ. 4 ஜிபி, 75 வாட், ஸ்லாட் மின்சாரமே போதும். விலை 6,000.

அதோடு முடிந்ததா? பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். இந்தக் கார்டில் விஜிஏ கிடையாது. கன்வெர்ட்டருக்கு இன்னொரு 300.

வீட்டுக்கு வந்து, தூசியைத் தட்டி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. திரை மட்டும் கறுப்பு. கன்வெர்ட்டரை மாற்றிச் சொருகினான், ராமைக் கழற்றி மாட்டினான். கறுப்புதான்.

அன்றைக்கு தேதி 18. இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி போட வேண்டும். தாமதித்தால் நாளைக்கு 50 ரூபாய். கணக்கு முழுக்க அந்தப் பெட்டிக்குள். கடையிலிருந்து சாப்பிட வந்த அப்பா பார்த்துவிட்டார்.

"நல்லா ஓடிக்கிட்டு இருந்ததைக் கெடுத்துட்டியாடா?"

"இல்லப்பா, சரியாயிடும்ப்பா. நீங்க சாப்பிடுங்க."

சரியாகும் என்று அவனுக்கே தெரியாது. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டிலேயே மானிட்டர் வயரைச் சொருகியதும் படம் வந்தது. அப்பாடா! டேலி டேட்டாவை முதல் வேலையாக பென்டிரைவில் ஏற்றினான் (இதை கார்டை மாட்டும் முன்பே செய்திருக்க வேண்டும்). பிறகு தேடியதில் விஷயம் புரிந்தது. போர்டின் பயாஸ் 2012லேயே நின்றுவிட்டது, புதுக் கார்டை அதற்கு அடையாளம் தெரியவில்லை. பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். நாலைந்து நிமிஷ வேலைதான். ஆனால் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்தது. அந்த மாடல் போர்டு இனி பழைய மார்க்கெட்டில் கிடைத்தால் உண்டு. வீட்டு யுபிஎஸ்சின் பேட்டரியோ எப்போதோ போய்விட்டது.

தயங்கித் தயங்கி அப்பாவிடம் சொன்னான். அவர் ஒன்றும் பேசாமல் கை கழுவிவிட்டுக் கிளம்பினார். கோபம் என்றுதான் நினைத்தான். அரை மணி நேரத்தில் டிவிஎஸ் 50ல் கால் பக்கம் கடையின் பில்லிங் யுபிஎஸ்சை வைத்துக்கொண்டு வந்து நின்றார். சாயங்கால வியாபாரம் பிடிக்கும் நேரம். அதுவரை பில்லைக் கையால் எழுதச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அண்ணன் வாங்கிக் குடுத்ததுடா. பாத்துச் செய்" என்றார். அவ்வளவுதான்.

பார் நகர்ந்து நூறைத் தொடும் வரை இருவரும் மூச்சு விடவில்லை. கார்டை மீண்டும் மாட்டினான். படம் வந்தது. அன்று ராத்திரி முதலில் போட்டது ஜிஎஸ்டி 3பி, பிறகுதான் ஜிடிஏ :-)

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. அந்தப் பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. 1050 டிஐக்கு என்விடியா புதுக் கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதும் அதே மாதத்தோடு நின்றது. 2023 ஏப்ரலிலிருந்து கணக்குப் போட்டால் 30 மாதம். 6,300 ரூபாயை வகுத்தால் மாதம் 210. புதுக் கம்ப்யூட்டருக்குக் கடன் வாங்கியிருந்தால் வட்டியே அதைத் தாண்டியிருக்கும்.

இந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. ஒரு மளிகைக்கடையின் ஒரு சாயங்காலம், பில் மெஷின் இல்லாமல். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.