தம்பி என்றால் பாவம்!

ஜார்ஜியா நாட்டில் ஒரு குழந்தை "மாமா" என்று கூப்பிட்டால் ஓடி வருபவர் தாய்மாமன் இல்லை, பெற்ற அப்பா! ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, டெடா என்றால் அம்மா. நம்மூர்க் காதுகுத்துப் பத்திரிகையை அவர்களிடம் கொடுத்து, "மாமா மடியில் உட்கார வைத்துக் காது குத்துவோம்" என்று சொன்னால், இதில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழி இன்னும் வேடிக்கை. அங்கே 'டாடா' என்றால் அக்கா. நாம் பஸ் கிளம்பும்போது கையசைத்துச் சொல்வதை அவர்கள் வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்கச் சொல்கிறார்கள். 'காகா' என்றால் அண்ணன். இதைக் கேட்டுச் சிரிக்கும் முன் ஒரு நிமிடம். நம்ம காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அண்ணனைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மலாய்க்காரர்களுக்கோ 'காக்காக்' என்றால் அக்கா. எல்லாவற்றுக்கும் சிகரம், சுவாஹிலியில் 'தம்பி' போல ஒலிக்கும் ஒரு சொல்லுக்குப் பொருள் பாவம்! இரண்டு அக்கா உள்ள வீட்டில் பிறந்தவர்கள் இதை ஆட்சேபிக்க மாட்டார்கள் :-)

இதுவரை சிரிப்பு. கொரியாவில் அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா' என்றதும்தான் பலருக்குச் சிரிப்பு போய் சிலிர்ப்பு வந்துவிடுகிறது. போதாததற்கு அங்கே நாளுக்கு 'நல்' என்று பெயர். உடனே "கொரிய மொழியே தமிழிலிருந்து வந்ததுதான், படித்தவுடன் பத்து பேருக்கு அனுப்பவும்" என்று ஒரு மெயில் கிளம்பிவிடுகிறது. இது இன்று நேற்று வந்த யோசனையும் இல்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே போட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை.

ஏன்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. 1960-களில் டிக்சன் என்ற மொழியியலாளர் அதைப் பேசத் தெரிந்த பெரியவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். வந்த பதில், 'டாக்'! இங்கிலீஷில் இருந்து கடன் வாங்கியதா? கிடையாது. பக்கத்து மொழியான யிடினில் நாய்க்கு 'குடகா'. அந்தப் பழைய சொல்லின் தலையும் வாலும் தேய்ந்து ம்பாபரத்தில் 'டாக்' ஆகி நின்றது. பூமியின் இரண்டு மூலைகளில் ஒரே நாய், ஒரே பெயர், ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அம்மா, அப்பா விஷயம் இன்னும் எளிது. ரோமன் யாக்கப்சன் என்ற அறிஞர் 1960-ல் வெளியான கட்டுரையில் இதற்கு விளக்கம் சொன்னார். பல் முளைக்காத குழந்தைக்கு உதட்டை மூடித் திறந்தாலே வந்துவிடும் ஒலிகள் 'ம'வும் 'ப'வும். குழந்தை எதையோ உளறுகிறது, பக்கத்தில் இருப்பவர் "என்னைத்தான் கூப்பிடுது" என்று பூரித்துப் போகிறார். ஜார்ஜியாவில் அப்பா முந்திக்கொண்டார் போலிருக்கிறது!

அப்படியானால் உண்மையான சொந்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெங்களூருக்குப் போனால் போதும். நம்ம பால் அங்கே 'ஹாலு'. பல்லு 'ஹல்லு'. பத்து 'ஹத்து'. பூ 'ஹூவு'. புலிகூட 'ஹுலி'. நாம் 'ப' போடும் இடத்தில் அவர்கள் வரிசையாக 'ஹ' போடுகிறார்கள். கேட்பதற்கு வேறு மாதிரி இருக்கும், ஆனால் மாறுவதில் ஓர் ஒழுங்கு இருக்கும்.

கணக்குப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு கடைப் பேரேட்டில் ஒரே ஒரு தொகை ஒன்றாக இருந்தால் பார்ட்னர்ஷிப் ஆகிவிடாது. பக்கத்துக்குப் பக்கம் டாலி ஆக வேண்டும்.

தமிழின் பெருமைக்குக் கொரியாவிலிருந்து சாட்சி வர வேண்டியதில்லை. அடுத்த தடவை அந்த மெயில் வந்தால் ரசித்துச் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள். பத்து பேருக்கு அனுப்பினால் தம்பிதான். அதாவது, சுவாஹிலியில்!