மூக்கும் வாலும்

மோட்டார்ப் பந்தயப் பிரியர்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. வளைவில் வண்டியின் மூக்கு சற்று முரண்டு பிடித்தாலும் வால் அடங்கியிருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. வால் துள்ளினாலும் பாதகமில்லை, மூக்கு சொன்ன இடத்தில் திரும்ப வேண்டும் என்பது மற்றொரு கட்சி. பந்தயக்காரர்களுக்குள் நெடுங்காலமாக நடந்துவரும் இந்த வழக்கு, வீடியோ விளையாட்டின் தயவால் இப்போது நம் வீட்டுக் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. நாம் முதற் கட்சி. நம் மருமான் இரண்டாம் கட்சி. நடுநிலைமை வகிப்பதாகப் பாசாங்கு செய்யும் உத்தேசம் நமக்கு இல்லையாதலால் இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

விஷயத்தின் தத்துவம் எளிது. தரையைப் பற்றும் சக்தி எந்த டயருக்கும் ஓர் அளவுதான் உண்டு. வேகமாக வளையும்போது முன் டயர்களின் பிடி முதலில் தளர்ந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி வளைவின் வெளிப்புறத்தையே நாடிச் செல்லும். இதற்கு அண்டர்ஸ்டீர் என்று பெயர். பின் டயர்கள் முதலில் தளர்ந்தால், வால் வெளியே வீசி, வண்டி நாம் கேட்டதற்கு மேல் திரும்பிவிடும். இது ஓவர்ஸ்டீர். முன்னது, "இதோ வந்தேன்" என்று குரல் கொடுத்துவிட்டுச் சாவகாசமாக எழுந்து வரும் பெரியவரைப் போன்றது. பின்னது, என்ன வாங்கவேண்டும் என்று சொல்வதற்குள் கடைக்கு ஓடிவிடும் சிறுவனைப் போன்றது.

1997-ஆம் ஆண்டு ஜப்பானில் கஸுனோரி யமௌச்சியின் குழுவினர் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட 'கிரான் டூரிஸ்மோ', இந்தப் பேதத்தைச் சாதாரண வீடுகளுக்கும் அறிமுகப்படுத்தியது. மறு ஆண்டில் வந்த 'கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ்', 1967-ஆம் ஆண்டுப் பந்தய வண்டிகளைக் கொண்டது. அவ்வண்டிகளுக்குத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைகள் கிடையா. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் ஆசையோடு மிதித்தாலும் போதும், வால் முன்னே வந்து நமஸ்காரம் சொல்லும். இன்றைய விளையாட்டுகளிலோ வண்டியின் சுபாவத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். பின்புறத்தை விறைப்பாக்கினால் வால் துடிதுடிக்கும். பிரேக்கின் பலத்தை முன் சக்கரங்களுக்குத் தள்ளினால் வால் அடங்கும்.

நாம் அடக்கி வைக்கும் வண்டிக்கு மருமான் சூட்டியிருக்கும் பெயர் 'கட்டை வண்டி'. "மாமா, மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் எப்படிப்பட்ட வண்டியைக் கேட்கிறார் தெரியுமா?" என்று அவன் வாதத்தைத் தொடங்குவான். வெர்ஸ்டாப்பன் கூர்மையான மூக்கையே விரும்புகிறவர் என்பது மெய்தான். ஆனால் 2019, 2020-ஆம் ஆண்டுகளில் அவருடைய அணியில் ஓட்டிய அலெக்ஸாண்டர் ஆல்பன், அந்த வண்டியின் துடிப்பை எதற்கு ஒப்பிட்டார்? கம்ப்யூட்டர் மவுஸின் வேகத்தை உச்சத்தில் வைத்துவிட்டு விளையாடுவதற்கு! ஒருவருக்கு அமிர்தமாக இருப்பது மற்றொருவருக்கு ஜீரணமாவதில்லை. ஆல்பனும் தேர்ந்த சாரதியே அல்லவா? ஆகவே இதைத் தைரியத்துக்கும் கோழைத்தனத்துக்கும் நடக்கும் வழக்காகக் கருதுவதற்கில்லை.

பின் எதைப் பொறுத்தது? வண்டியிடமிருந்து வரும் செய்தி எந்த வழியாக நம்மை வந்து சேருகிறது என்பதைப் பொறுத்தது என்போம். மெய்யான வண்டியில் வால் நழுவுவதை ஆசனத்தில் அமர்ந்திருக்கும் உடம்பு உடனே அறிந்துகொள்கிறது. விளையாட்டிலோ ஆசனம் அசைவதில்லை. திரையில் காட்சி சுழல்வதைக் கண் கண்டு சொல்லவேண்டும். அதற்குள் பாதி காரியம் கெட்டுவிடும். மூக்கு நழுவும் செய்தி அப்படியல்ல. விசையை உணர்த்தும் ஸ்டியரிங் சக்கரத்தை மேஜையில் பொருத்தி விளையாடுகிறவர்களுக்கு, முன் டயர்கள் தளரும்போது சக்கரம் கையில் லேசாகி எச்சரிக்கை கொடுக்கிறது. கட்டை விரலால் சிறு குமிழை நகர்த்தி ஓட்டுகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் சொற்பம். நம்மைப் போல் ஐம்பதைத் தாண்டியவர்கள், செய்தி சீக்கிரம் வரும் பக்கத்தில் நிற்பது இயல்பே. இளம் கண்கள் தாமதமாக வந்த செய்திக்கும் ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிடுகின்றன.

இவ்வளவும் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் மருமானுக்கு இவ்வாண்டு 18 வயது நிரம்பியது, லைசென்ஸும் வந்தது. "எனக்கு ஓட்டத் தெரியும்" என்று சாவியைக் கேட்டான். அவன் தாயார் நம் முகத்தைப் பார்த்தாள்.

விளையாட்டில் கற்றது வீண் என்று அவளிடம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2011-ஆம் ஆண்டு கிரான் டூரிஸ்மோ ஆட்டக்காரர்களுக்காக நடந்த போட்டியில் வென்ற யான் மார்டன்பரோ, 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மெய்யான வண்டியையே ஓட்டினார். ஆனால் அவருக்கும் இடையில் முறையான பயிற்சி இருந்தது. தவிரவும், வீட்டு வண்டி பந்தய வண்டி அன்று. பொதுவாக அதை அண்டர்ஸ்டீர் சுபாவத்தோடுதான் செய்கிறார்கள். பயந்த மனிதன் செய்வது என்ன? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறான். அப்போது பாரம் முன்னே சாய்ந்து, தளர்ந்த முன் டயர்கள் மறுபடி தரையைப் பற்றுகின்றன. வால் நழுவும் வண்டியில் அதே பயம் பின் டயர்களின் பாரத்தைக் குறைத்து ஆபத்தை வளர்க்கும்.

ஆகையால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். சாவி கைக்கு வருமுன் அவன் நம்முடைய கட்டை வண்டியில், மழை பெய்யும் நூர்பர்க்ரிங் பாதையை 5 முறை சுற்றி வரவேண்டும். நாம் அவனுடைய துள்ளு வண்டியில் அதையே செய்யவேண்டும். அது 20 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, மலைக் காட்டினூடே வளைந்து வளைந்து செல்லும் ஜெர்மானியப் பாதை.

வாலைத் துரத்திப் பழகிய பிள்ளைக்கு மூக்கு வழுக்கியதும் ஒன்றும் தோன்றவில்லை. ஸ்டியரிங்கை மேலும் மேலும் திருப்பினான்; வண்டி மேலும் மேலும் வேலியை நோக்கிப் போயிற்று. "திருப்பியதைக் கொஞ்சம் குறை, காலைத் தளர்த்து, பொறு" என்றோம். பொறுப்பதுதான் அவனுக்குக் கடினமாக இருந்தது. நான்காம் சுற்றில் பொறுக்கக் கற்றுக்கொண்டான். நம் முறை வந்தபோது அவன் அருகில் அமர்ந்து, "வால் போகிற பக்கமே திருப்புங்கள் மாமா, பார்வை மட்டும் போகவேண்டிய இடத்தில் இருக்கட்டும்" என்று வெகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். ஐந்தாம் சுற்றை ஒருமுறைகூடச் சுழலாமல் முடித்தோம். அன்று நாம் அடைந்த பெருமிதத்தை எந்தப் பட்டமும் தந்ததில்லை.

கட்சி மாறிவிட்டோமா என்றால், இருவரும் மாறவில்லை. ஆனால் எதிர்க்கட்சியின் காதுக்கு எது கேட்கிறது என்பதை இருவரும் அறிந்துகொண்டோம். பிள்ளைகள் இவ்விளையாட்டில் மூழ்கியிருக்கும் வீடுகளில் பெரியவர்கள் அதைக் கடிந்துகொள்வதோடு நில்லாமல், தாமும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். பிள்ளையையும், தனக்குப் பிடிக்காத வண்டியில் சில சுற்றுகள் ஓட்டச் சொல்லலாம். தவறினால் மறுபடி தொடங்கலாம் என்ற சலுகை திரையில் மட்டுமே உண்டு. சாலையில் அது இல்லை என்பதைச் சொல்லிக் கொடுக்க, அந்தச் சலுகையைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.