ஓட்டம், சைக்கிள், மறுபடியும் ஓட்டம்! - ஏலகிரி முகாமில் கற்றதும் ஈ.சி.ஆர் ரேஸில் பார்த்ததும்

'டிரையத்லான்' பலருக்கும் தெரிந்த பெயர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய போட்டி. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்ஸில் சேர்க்கப்பட்ட பிறகு அதன் புகழ் எங்கேயோ போய்விட்டது. அதற்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். பெயர் 'டூயத்லான்'. இதில் நீச்சல் கிடையாது. முதலில் ஓட வேண்டும், பிறகு சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி மறுபடியும் ஓட வேண்டும். ஒலிம்பிக்ஸில் இந்தத் தங்கச்சிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

ஆனால், நம் ஊருக்கு இதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது. எங்கள் அணியில் 12 பேர். அதில் 8 பேருக்கு நீச்சல் தெரியாது, என்னையும் சேர்த்து. வங்கியில் வேலை பார்க்கும் 44 வயது அக்கா ஒருவர் இதற்கு அழகாக விளக்கம் சொன்னார். "எங்க ஊர்ல அண்ணனுங்க எல்லாம் கிணத்துல குதிச்சு நீச்சல் கத்துக்கிட்டாங்க. நாங்க அவங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டு மேட்டுல நின்னோம். ஆனா சைக்கிள் எங்களுக்கும் கிடைச்சுது. அப்பா சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டுப் பழகி, அதுலதான் ஹைஸ்கூல் போனேன்."

எனக்கு பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். காலேஜ் சேர்ந்ததும் அது மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. அக்காவுடையது கல்யாணத்தோடு நின்றது. எங்கள் அணியில் இருந்த பெண்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு சைக்கிள் கதை இருந்தது.

மூன்று நிமிடம்

டூயத்லானின் வழக்கமான தூரம் 10 கி.மீ. ஓட்டம், 40 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். இதில் பாதியை 'ஸ்பிரின்ட்' என்கிறார்கள். அதாவது 5, 20, 2.5. நாங்கள் பெயர் கொடுத்திருந்தது இந்தச் சின்னதற்குத்தான். பெரியது எவ்வளவு பெரியது தெரியுமா? சுவிட்சர்லாந்தின் சோஃபிங்கன் நகரில் 1989-ல் தொடங்கிய 'பவர்மேன்' நீண்ட தூரப் போட்டியில் 10 கி.மீ. ஓடி, 150 கி.மீ. மிதித்து, மறுபடியும் 30 கி.மீ. ஓட வேண்டும். அதைக் கேட்டதும் எங்கள் 2.5 கி.மீ. மீது எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

வங்கி அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்து 3 வருடங்கள் ஆகின்றன. டாக்டர் நடக்கச் சொல்ல, நடை ஓட்டமாகி, ஓட்டம் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இதே போட்டியில் போன வருடமும் கலந்துகொண்டிருக்கிறார். சைக்கிளை முடிக்க வேண்டிய நேரம், தொடக்கத்திலிருந்து 1 மணி 50 நிமிடம். இவர் வந்து சேர்ந்தது 1 மணி 53-ல். காலில் கட்டியிருந்த சிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

"வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்லல. 'இந்த வயசுல இது போதும்'னு மட்டும் சொன்னாங்க. அந்தப் 'போதும்'தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார் அக்கா.

மொத்த அணிக்கும் இந்த வருடம் மனதில் இருந்தது அந்த மூன்று நிமிடம்தான்.

முதல் நாள்: ஹெல்மெட் முக்கியம்

முகாம் ஏலகிரியில், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை. சைக்கிள்கள் வேனில் வர, நாங்கள் ரயிலில் ஜோலார்பேட்டை போய் இறங்கினோம். போனதும் மலையேற்றம் இருக்கும் என்று பார்த்தால், கோச் சார் தங்கும் விடுதி மைதானத்தில் எங்களை வைத்து ஹெல்மெட் மாட்டவும் கழற்றவும் பழக்கிக்கொண்டிருந்தார்.

ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம் ஒன்று உண்டு. 'டிரான்ஸிஷன்' என்பார்கள். ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுப்பதற்கு முன்பே ஹெல்மெட்டை மாட்டி, பட்டையைப் பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது சைக்கிளை ஸ்டாண்டில் வைத்த பிறகுதான் பட்டையைக் கழற்றலாம். அந்த இடத்துக்குள் சைக்கிளில் ஏறக் கூடாது, கோடு வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும். இதில் தவறினால் அபராதம் உண்டு.

"மூணு நிமிஷத்தை ரோட்டுலதான் தேடணும்னு இல்ல. ஒரு நிமிஷம் இங்கேயே கிடக்கு" என்று சொல்லி, கோச் எங்களை 15 முறை மாற வைத்தார். வியர்த்த கையோடு ஹெல்மெட் பட்டையைப் பூட்டுவது எவ்வளவு பெரிய வித்தை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாரி, காரி, ஓரி... பெருமூச்சு!

சனிக்கிழமை விடியற்காலையில் வேன் எங்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது படித்து ரசிக்கலாம். சைக்கிளில் ஏறும்போது, 'முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, எனக்கு ஒரு ஆட்டோ கொடுக்கக் கூடாதா?' என்றுதான் தோன்றும்.

ஏற்றத்துக்குக் கோச் சொன்ன சூத்திரம் எளிமையானது. மூச்சு வாங்கிய பிறகு கியரைக் குறைத்துப் பயன் இல்லை, வளைவு கண்ணில் பட்டதுமே குறைத்துவிட வேண்டும். பக்கத்தில் வருபவரோடு இரண்டு வார்த்தை பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வங்கி அக்கா எனக்குப் பக்கத்தில் வந்துகொண்டே வத்தக்குழம்பு செய்முறை சொன்னார். ஒன்பதாவது வளைவில் குழம்பு கொதித்தது. பதினொன்றில் எனக்குப் பேச்சு நின்றது. அவர் மேலே போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

மதியம் அடுத்த பாடம். 40 நிமிடம் சைக்கிள் மிதித்துவிட்டு, இறங்கிய உடனே 2 கி.மீ. ஓட வேண்டும். இதற்குப் பெயர் 'பிரிக்' பயிற்சி. பிரிக் என்றால் செங்கல். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இறங்கி ஓடிய முதல் நூறு மீட்டரில் இரண்டு காலிலும் செங்கல் கட்டிவிட்டதுபோல் இருந்தது. சைக்கிளில் உடம்பின் எடையைப் பெரும்பாலும் சீட்டுதான் தாங்குகிறது. கால்கள் வட்டமாகச் சுற்றிப் பழகியிருக்கின்றன. இறங்கியதும் ஒவ்வொரு அடியிலும் மொத்த எடையும் காலில் விழ, தசைகளுக்கு வேலையே மாறிப்போகிறது. கொஞ்ச நேரம் அவை திண்டாடுகின்றன.

"இது வலி இல்ல, குழப்பம். குட்டிக் குட்டி அடியா எடுத்து வைங்க. அஞ்சு நிமிஷத்துல கால் தெளிஞ்சிடும்" என்றார் கோச். எனக்கு ஏழு நிமிடம் ஆனது. ஆனால் தெளிந்தது. அது தெளியும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் போட்டியில் பாதி தைரியம்.

ஞாயிறு: முதுகும் காற்றும்

மூன்றாம் நாள், வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவில் கண்ணை வெளியேறும் பக்கம் வைத்து, மெதுவாகக் கீழே இறங்கினோம். அடிவாரத்தில் இருக்கும் பொன்னேரியைத் தாண்டி, போக்குவரத்து குறைவான சமதளச் சாலையில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டினோம்.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வருகிறவருக்குக் காற்றின் எதிர்ப்பு குறைகிறது. நல்ல வேகத்தில் போகும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும் என்கிறார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் 58 வயது சார் ஒருவர் எங்கள் அணியில் இருக்கிறார். தோள் அகலம், மனசு அதைவிட அகலம். அக்காவை முதுகுக்குப் பின்னால் வரச் சொல்லி, பத்து கிலோமீட்டரும் அவரே காற்றை வாங்கிக்கொண்டார். அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "சார், ரேஸ்லயும் இப்படியே கூட்டிட்டுப் போயிடுங்க!"

கோச் சிரிக்கவில்லை. எல்லோரையும் நிறுத்தினார். "நம்ம ரேஸ்ல இது கூடாது. முன்னால போற சைக்கிளுக்கும் உங்களுக்கும் 10 மீட்டர் இடைவெளி இருக்கணும். உள்ளே வந்தா முந்திடணும், இல்லைன்னா பின்வாங்கணும். ஒட்டிக்கிட்டே வந்தா அபராதம்" என்றார். பிறகு, திரும்பும் பத்து கிலோமீட்டரை ஒவ்வொருவராக, இரண்டு நிமிட இடைவெளியில் தனித்தனியே மிதிக்கச் சொன்னார். எதிர்காற்று வேறு.

அக்கா தயங்கினார். "எனக்குப் பின்னாடி யாராவது வரட்டுமே சார்..."

"வேண்டாம்மா. இன்னைக்குத் தனியா போயிட்டு வந்துட்டா, அன்னைக்குத் தனியா இருக்க மாட்டீங்க."

அந்த வாக்கியம் எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை. அக்கா கடைசி ஆளாகக் கிளம்பினார். நாங்கள் ஒரு டீக்கடை வாசலில் காத்திருந்தோம். தலையைக் குனிந்து, முழங்கையை மடக்கி, லேசான கியரில் சீராகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் யாருடனும் பேசவில்லை. ஒரு டீ, சர்க்கரை இல்லாமல்.

ஈ.சி.ஆர் காலை

ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. கோவளத்துக்குத் தெற்கே, காலை 6 மணிக்குத் தொடக்கம். முதல் 5 கி.மீ. ஓட்டம் எனக்கு 30 நிமிடத்துக்குள் முடிந்தது. ஹெல்மெட் பட்டை ஒரே சொடுக்கில் பூட்டிக்கொண்டது. தெற்கே மாமல்லபுரம் போகும் திசையில் 10 கி.மீ. மிதித்துத் திரும்ப வேண்டும். போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. சவுக்குத் தோப்புகள் பறந்தன. 'நாம இவ்வளவு வேகமா?' என்று ஆச்சர்யப்படும்போதே திரும்பும் இடம் வந்துவிட்டது.

திரும்பியதும் ஆச்சர்யம் தீர்ந்தது. தள்ளிவிட்ட அதே வடகிழக்குக் காற்று இப்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது. பாதி வழியில் எதிர்ப்பக்கம் அக்கா வருவதைப் பார்த்தேன். இன்னும் திரும்பவில்லை, இந்தக் காற்று அவருக்கு மிச்சம் இருந்தது. கை ஆட்டினார். அவருக்கு முன்னால் ரயில்வே சார் இல்லை. அவர் எனக்கும் முன்னால், தனியாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். எங்கள் அணியின் 12 பேரும் அந்தச் சாலையில்தான் இருந்தோம், ஆளுக்கொரு காற்றோடு.

சைக்கிளிலிருந்து இறங்கினேன். செங்கல் வந்தது. குட்டி அடிகள். ஆறாவது நிமிடம் செங்கல் போனது. 1 மணி 35 நிமிடத்தில் கோட்டைத் தாண்டினேன். மெடல் வாங்கிய கையோடு சைக்கிள் முடியும் இடத்துக்கு ஓடினேன். எங்கள் ஆட்கள் ஏழு பேர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். ரயில்வே சார் வாட்ச்சைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

1 மணி 40. வரவில்லை. 1 மணி 43. வேறு யாரோ. 1 மணி 45-ல் தூரத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட். தலை குனிந்திருந்தது. கால்கள் அவசரப்படாமல், சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. பொன்னேரி சாலையில் பார்த்த அதே சுற்று. 1 மணி 46-ல் அக்கா சைக்கிளை விட்டு இறங்கினார். 'போதும்' என்று சொல்லப்பட்ட இடத்தைத் தாண்டி முதல்முறையாக ஓடத் தொடங்கினார். மொத்தப் போட்டிக்கும் கொடுத்த நேரம் 2 மணி 15 நிமிடம். அவர் முடித்தது 2 மணி 11-ல்.

அழுவார், கட்டிப்பிடிப்பார் என்று நான் செல்போனோடு காத்திருந்தேன். அவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து குளுக்கோமீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். "142. பரவாயில்ல" என்று சொல்லி, ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

"திரும்பும்போது பயமா இருந்துச்சாக்கா?"

"முன்னாடி பின்னாடி ஒரு ஆள் இல்ல. ஆனா அன்னைக்கு மலையடிவாரத்துலயும் ஒருத்தரும் இல்லதானே? அதே ரோடுன்னு நினைச்சுக்கிட்டேன். டீக்கடையில நீங்கெல்லாம் இருப்பீங்கன்னு தெரியும்."

கோச் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

நீங்களும் ஓடலாம்

விலை உயர்ந்த ரோடு பைக் இல்லாமலேயே தொடங்கலாம். எங்கள் அணியில் மூன்று பேர் சாதாரண ஹைபிரிட் சைக்கிளில்தான் முடித்தார்கள். ஹெல்மெட் மட்டும் தரமானதாக இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். அக்கா மாத்திரையையும் சாப்பாட்டு நேரத்தையும் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்றிக்கொண்டார். குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிளிலிருந்து இறங்கிய உடனே பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். கூட்டமாகப் பழகுங்கள், ஆனால் பாதித் தூரமாவது தனியாக மிதியுங்கள்.

இதெல்லாம் அடுத்த மாதத்துக்கு. இந்த வாரம், மாடிப்படிக்கு அடியில் நிற்கும் அந்த சைக்கிளைத் தூசி தட்டி, இரண்டு டயருக்கும் காற்று அடித்து வையுங்கள்.