கைக்குழந்தையோடு ஒரு சினிமா

நாகர்கோவிலில் தியேட்டர் இல்லையா, படம் பார்க்கத் திருவனந்தபுரம் வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். தியேட்டர் இருக்கிறது. கைக்குழந்தைக்காரிக்கு இருக்கிறதா என்று கேட்டால்தான் பதில் சொல்லக் கஷ்டம்.

நான் சினிமாப் பைத்தியம். என்னவர் டி.வி.யோடு திருப்தி அடைகிற ரகம். எனக்கு இருட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டு அம்மாள் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டுக்கொண்டே அழுதால்தான் படம் பார்த்த மாதிரி இருக்கும். ஆனால் இப்போதெல்லாம் போய் வந்தால் இரண்டு நாள் காது 'ஙொய்' என்கிறது. கதாநாயகன் நடந்து வந்தாலும் இடி, திரும்பிப் பார்த்தாலும் இடி! வசனம் எது, மேளம் எது என்றே தெரிவதில்லை. போதாததற்கு, எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் ஒரு நாள் ஒரு பெண்ணின் குழந்தை வீறிட்டு அழுதது. பின்னாலிருந்து ஒருவர், "ஏம்மா, வீட்ல கெடக்க வேண்டியதுதானே" என்று சத்தம் போட்டார். அவர் அதுவரைக்கும் போனில் யாரிடமோ நிலம் விலை பேசிக்கொண்டிருந்தவர்! அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். டிக்கெட் காசு, புடவை மாற்றிக் கிளம்பிய பாடு எல்லாம் போச்சு.

என் அண்ணன் மகளுக்கும் இதே பயம்தான். ஏழாம் மாத வளைகாப்புக்கு அப்புறம் அவள் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகி, புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற நாளும் நெருங்கிவிட்டது. "அத்தே, அங்க போனா இனி எங்க படம்? பிள்ள பள்ளிக்கூடம் போன பொறவுதான்" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் குரல் சிரிக்கவில்லை.

2024 ஜூன் கடைசியில் கரமனையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. கரமனையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கல்யாணத்துக்குத்தான் போனோம். ஆனால் மறுநாள் சினிமா என்று நான் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். காரணம், 2022-ல் பேப்பரில் படித்த ஒரு செய்தி. திருவனந்தபுரத்தில் அரசாங்கத்துத் தியேட்டரில் அழுகிற குழந்தைகளுக்கென்று தனி அறை கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அது.

அரசாங்கத்துக்குத் தியேட்டரா என்று ஆச்சரியப்படாதீர்கள். 1975-ல் ஆரம்பித்த கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. தம்பானூரில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச நடைதான். கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள். டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும்போது இங்கே எள் போட்டால் எள் விழாது. நாங்கள் போன அன்று அவ்வளவு கூட்டமில்லை. மழை மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

எங்கள் ஜில்லா 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர்ப் பக்கம்தான். அதனால் மலையாளம் எங்களுக்குப் பாதி சொந்தம். டிக்கெட் கொடுக்கும் இடத்தில், என்ன படம் என்றுகூடக் கேட்காமல், "குழந்தை அறை எந்தத் தியேட்டரில் இருக்கிறது?" என்றுதான் கேட்டேன். அங்கே இருந்த பெண் குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "குஞ்ஞு கரஞ்ஞால் அவிடெ இரிக்காம்" என்று கை காட்டினாள். எந்தப் படம் என்பதை ஐந்து மாதக் குழந்தை தீர்மானித்தது!

நல்ல வேளை, அந்தப் படம் 'உள்ளொழுக்கு'. கிறிஸ்டோ டோமி இயக்கியது. ஊர்வசி மாமியார், பார்வதி மருமகள். குட்டநாட்டில் வெள்ளம். வயலும் வீடும் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற பூமி அது. வீட்டில் மகன் இறந்துபோகிறான். கல்லறை தண்ணீருக்குள்! தண்ணீர் வடிகிற வரைக்கும் அடக்கம் செய்ய முடியாது. அந்த நாட்களில் ஒரே வீட்டுக்குள் மாமியாரும் மருமகளும், ஆளுக்கொரு ரகசியத்தோடு. அதற்கு மேல் சொன்னால் பார்க்கப்போகிறவர்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

நம் படங்களில் மாமியார் என்றால் ஒன்று சூனியக்காரி, இல்லாவிட்டால் தெய்வம். இந்த மாமியார் இரண்டும் இல்லை. பொய் சொல்கிறாள், கெஞ்சுகிறாள், கோபப்படுகிறாள், மறு நிமிஷம் மருமகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். நம் தெருவில் இப்படி எத்தனை பேர்! 1983-ல் 'முந்தானை முடிச்சு' படத்தில் துள்ளிக் குதித்த அந்தப் பெண்ணா இவர் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. மறு வருஷம் ஆகஸ்டில் இந்தப் படத்துக்காக அவருக்கு தேசிய விருது அறிவித்தார்கள். துணை நடிகை விருது. என்னைக் கேட்டால், படத்தையே தூக்கிச் சுமக்கிறவரைத் துணை என்று சொல்வது நியாயமில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். படம் மெதுவாகத்தான் போகிறது. திரையிலும் மழை, வெளியேயும் மழை. நடுவில் எனக்கே ஒரு கொட்டாவி வந்தது. ஆனால் காது வலிக்கவில்லை!

படம் ஆரம்பித்து இருபது நிமிஷத்தில் குழந்தை சிணுங்கியது. அண்ணன் மகள் பழைய பயத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறவே பார்த்தாள். நான் கையைப் பிடித்து அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். சின்ன அறைதான். முன்பக்கம் பெரிய கண்ணாடி, அதன் வழியே திரை தெரிகிறது. படத்தின் சத்தம் உள்ளே அளவாகக் கேட்கிறது. குழந்தையின் சத்தம் வெளியே போகாது. தொட்டில் இருக்கிறது, துணி மாற்ற இடம் இருக்கிறது. அவள் உட்கார்ந்து, முந்தானையைப் போட்டுக்கொண்டு பால் கொடுத்தபடியே படம் பார்த்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, முணுமுணுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாலிபர் தோளில் குழந்தையோடு உள்ளே வந்தார். பழகின கையால் துணி மாற்றினார். "அம்மா வரவில்லையா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். அவர் கண்ணாடிக்கு வெளியே சீட்டில் இருந்த மனைவியைக் காட்டினார். அந்த அம்மாள் படத்தில் மூழ்கி இருந்தாள்! அண்ணன் மகள் இதைத் தன் வீட்டுக்காரரிடம் உடனே போனில் சொல்லிவிட வேண்டும் என்றாள். இடைவேளையில் சொல்லியும் விட்டாள்.

கைக்குழந்தையைக் கூட்டிப்போக நினைக்கிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையின் காதுத் துவாரம் சின்னது. அதனால் நமக்குச் சாதாரணமாகக் கேட்கிற சத்தமே அதற்குப் பலமாக விழும். சண்டைப் படம் வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்துச் சீட்டு வேண்டாம். குழந்தைகள் காதில் மாட்டுகிற, சத்தத்தைக் குறைக்கும் பட்டை கடையில் கிடைக்கிறது. அதை மாட்டுங்கள், பஞ்சைத் திணிக்காதீர்கள். ஏ.சி. குளிருக்கு ஒரு பருத்தித் துணியும் தொப்பியும் போதும். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் படத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

படம் விட்டதும் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடம், நத்தைக் கூடு மாதிரிச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. உள்ளே படியே இல்லை, சரிவில்தான் மேஜைகள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற சௌகரியம். மசால் தோசைக்குள் பீட்ரூட் வைத்துச் சிவப்பாகத் தருகிறார்கள். எனக்கு இஷ்டம். அண்ணன் மகளுக்குத் தித்திப்பாக இருக்கிறதாம், மசாலை என் தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

சாயங்கால ரயிலில் திரும்பினோம். படத்தில் கடைசி அரை மணி நேரம் நான் அறைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு, அவளை வெளியே சீட்டுக்கு அனுப்பியிருந்தேன். குழந்தை அப்போது பார்த்து என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்ததில் முக்கியமான ஒரு கட்டம் எனக்குப் போய்விட்டது. பாறசாலையில் ஆரம்பித்து குழித்துறை வருவதற்குள் அவள் அதை எனக்கு நடித்தே காட்டிவிட்டாள், ஊர்வசி பாகம் ஒரு குரலில், பார்வதி பாகம் ஒரு குரலில். எதிர் சீட்டில் கீரைக் கட்டோடு இருந்த பாட்டியம்மா, "பொறவு என்னாச்சு மக்கா?" என்று கேட்டு, தான் இரணியலில் இறங்குகிற வரைக்கும் அவளை விடவே இல்லை.