கரண்டி முட்டைக்குக் காது போதும்

முட்டை எண்ணெயில் விழுந்ததும் ஏன் சத்தம் போடுகிறது என்று தெரிந்துகொண்டால், அதைப் பொரிக்கக் கண் தேவைப்படாது. வெள்ளைக்கருவில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீர். சூடு பட்டதும் அடியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, எண்ணெயைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அதுதான் அந்தச் ‘சொய்ங்’. முதலில் அது தடித்துக் கேட்கும். அடிப்பாகம் இறுக இறுக, மெலிந்து ஒரே சீராக ஓடும். பிறகு சத்தம் விட்டுவிட்டு, படபடவென்று தனித்தனியாக வெடிக்கும்; ஓரம் காய்ந்து முறுகுகிறது என்று அர்த்தம். மூக்கு இதைச் சொல்ல நேரமாகும். முறுகல் வாசனை வருவதற்குள் ஆஃப் பாயில் கைவிட்டுப் போயிருக்கும். அதனால் நான் முட்டை பொரிக்கும் நேரத்தில் மிக்ஸி ஓடக் கூடாது, டிவி பாடக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது.

பார்வையில்லாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது தோசைக்கல்லை அல்ல, நம் ஊரில் கரண்டி ஆம்லெட் போடும் இரும்புக் குழிக்கரண்டியை. தட்டையான கல்லில் வெள்ளைக்கரு இஷ்டத்துக்கு ஓடும். மஞ்சள் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். குழிக்குள் முட்டைக்கு ஓட இடமில்லை. காம்பு நீளம் என்பதால் கை தீயிலிருந்து தள்ளியே இருக்கும். காம்பைப் பிடித்த கைக்குக் கொதிப்பின் அதிர்வும் லேசாகத் தெரியும். முட்டையை நேராகக் கரண்டியில் உடைக்காமல் ஒரு கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து, ஓடு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிவிட்டுத்தான் ஊற்றுவேன். நல்லெண்ணெய் காய்ந்ததா என்பதை வெள்ளைக்கருவின் ஒரு சொட்டே சொல்லிவிடும். விட்டதும் சீற வேண்டும்.

ஆஃப் பாயிலின் சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கினாலும், நன்றாகக் கெட்டிப்பட 80 டிகிரி வரை சூடு கேட்கும். மஞ்சளோ 70-க்குள்ளேயே கெட்டியாகிவிடும். முந்த வேண்டியது பிந்துகிறது, பிந்த வேண்டியது முந்துகிறது. கீழிருந்து மட்டும் சூடு கொடுத்தால் மேலே வெள்ளை சளசளவென்றே நிற்கும். திருப்பிப் போட்டால் மஞ்சள் உடையலாம். நான் திருப்புவதே இல்லை. சத்தம் சீரானதும் சிம்மில் வைத்து, சின்ன மூடி ஒன்றைப் போட்டுவிடுவேன். உள்ளே சுழலும் ஆவி மேற்பரப்பை வேகவைக்கும். பிறகு ஸ்பூனின் முதுகால் மெல்லத் தொட்டுப் பார்ப்பேன். வேகாத வெள்ளை வழுக்கி விலகும், வெந்தது ஸ்பூனை எதிர்த்து நிற்கும். மஞ்சளின் மேல் மட்டும் பஞ்சு மாதிரி ஒரு மெத்துமெத்துப்பு இருந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். இரும்பில் தங்கிய சூடு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். உப்பும் மிளகுத்தூளும் இரண்டு விரலில் எடுத்து, அதன் பிறகுதான்.

பார்வையில்லாத பிள்ளையை அடுப்புப் பக்கமே விடாத வீடுகள் இன்னும் ஏராளம். அக்கறையில்தான் செய்கிறார்கள், ஆனால் அந்த அக்கறை பசிக்கும்போதெல்லாம் இன்னொருவரைக் கூப்பிட வைக்கிறது. அமெரிக்காவில் 2012-இல் மாஸ்டர்செஃப் போட்டியை வென்ற கிறிஸ்டீன் ஹா பார்வையை இழந்தவர். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு முட்டையைத் தானே பொரித்துச் சோற்றில் போட்டுக்கொள்ளும் உரிமை போதும் என்கிறேன். அடுப்பை ஏற்றாமலே கரண்டியை பர்னர் மேல் வைத்து எடுக்கவும், குமிழைத் திருப்பி சிம் எங்கே நிற்கிறது என்று பழகவும் விடுங்கள். தீ அதற்கப்புறம் வரட்டும்.

இப்போது வீடுகளுக்கு வரும் தொடுதிரை இண்டக்‌ஷன் அடுப்புதான் எனக்குக் கவலை. வழவழவென்ற கண்ணாடியில் எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரியாது, குழிக்கரண்டியும் அதில் வேலைக்கு ஆகாது. அதை வாங்கித்தான் தீர வேண்டும் என்றால், ஆன், கூட்டு, குறை என்ற மூன்றுக்கும் பக்கத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். கல் வைத்த பொட்டாக இருந்தால் ஈரக் கைக்கும் தட்டுப்படும்.