மாஞ்சோலைப் பயணக் கணக்கு

பேருந்தில் செல்பவனுக்குச் சீட்டின் விலை தெரிந்தால் போதும். தன் வண்டியைத் தானே ஓட்டிச் செல்பவனோ புறப்படுமுன்பே பாதிப் பயணத்தைத் தாளில் செய்து முடிக்க வேண்டியவனாகின்றான். 2019 சனவரியில் மாஞ்சோலை செல்லத் துணிந்தபோது யானும் அவ்வாறே தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தேன்.

அப்பயணம் உம்மாவுக்காக. அடுத்த வீட்டில் உடன் வளர்ந்த தோழி மணமாகித் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று நாற்பதாண்டுகள். பொருநைக் கரையில் நின்று மேற்கு மலையைக் காட்டி, "அங்கனதான் அவ இருக்கா" என்பதோடு உம்மா நிறுத்திக்கொள்வார். பேருந்து உண்டுதான், கடையைப் பூட்டிவிட்டுச் செல்ல வாப்பாவுக்கு மனம் வரவில்லை, பின்னர் உம்மாவின் மூட்டுவலி இடங்கொடுக்கவில்லை. தோழியோ ஓராண்டில் ஓய்வு பெற்று லயன் வீட்டைக் காலி செய்யவேண்டியவர்.

மூன்று நாள், நால்வர், 6,000 ரூபாய். சமவெளியில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் என் பழைய வண்டிக்கு மலையில் 9-க்கு மேல் எழுதாதீர்கள் என்றார் மெக்கானிக். மணிமுத்தாற்றுக்கு மேலே பெட்ரோல் நிலையம் இல்லாமையால் அம்பாசமுத்திரத்திலேயே நிரப்பவேண்டும். வனத்துறை அனுமதிக் கட்டணம், குதிரைவெட்டி விடுதிக் கட்டணம், உணவு என்று எழுதி, எதிர்பாராச் செலவுக்கு 1,000 ஒதுக்கினேன். எவ்வளவு எதிர்பார்ப்பது என்று கணக்கிட்ட அந்தப் பேதைமையை இன்று நினைத்தாலும் நகைப்பு வருகின்றது!

1958-இல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணையையும் அருவியையும் கடந்து ஏறினோம். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட, 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைநிலம் அது. மாஞ்சோலையைத் தாண்டியதும் கூர்ங்கல்லொன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. ஸ்டெப்னியை மாட்டி நாலுமுக்கு சேர்ந்தோம். புதிய டயர் ஏறத்தாழ 3,000 ஆகுமே என்பதன்றி வேறொன்றும் என் நெஞ்சில் இல்லை.

தோழியர் இருவரும் கைகோத்து வாசற்படியில் அமர்ந்தனர், நெடுநேரம் பேசவேயில்லை. உணவுக்கு முட்டைக் குழம்பு. இறைச்சி சமைத்தால் நாங்கள் தயங்குவோம் என்பதை நாற்பதாண்டுக்குப் பின்னும் அவர் மறக்கவில்லை.

புறப்படுகையில் உம்மா என்னைத் தனியே அழைத்தார். "அவ கையில ஒரு ஆயிரம் கொடுக்கணும்."

"டயர் வாங்கணுமே, உம்மா" என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாக எத்தனை மாதம் சேர்த்தாரோ! தோழி வாங்க மறுக்க, உம்மா வற்புறுத்த, யான் வண்டியருகே நின்று டயரைப் பார்ப்பவன்போல் குனிந்திருந்தேன். எங்கள் மடியிலோ இரண்டு கிலோ தேயிலைத்தூள் வந்து சேர்ந்தது.

குதிரைவெட்டி செல்லாமலே இறங்கினோம். கணக்கு நோட்டில் டயரை எழுதினேன். அந்த ஆயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

2024-இல் தோட்டப் பணி நின்றது. ஓய்வுக்குப்பின் மகனோடு மலையிலேயே தங்கியிருந்த தோழியும் கீழே இறங்கி, இப்பொழுது அம்பாசமுத்திரத்தருகே வாடகை வீட்டில் வாழ்கின்றார். சென்ற மாதம் அவரைக் காணச் செல்ல மீண்டும் தாளை எடுத்தேன். பெட்ரோல் என்று தொடங்கப் போனவன் நிறுத்தி, "முதலில் எவ்வளவு எழுதட்டும், உம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரம் எழுதுப்பா" என்றார்.