பிஷ்ணுபூரில் இரண்டு நாள்

சுற்றுலா என்றால் பலருக்கும் ஓட்டம்தான். காலையில் நான்கு இடம், மாலையில் நான்கு இடம், நடுவில் போட்டோ... கொல்கத்தாவில் வாழும் அந்தத் தம்பதியரும் முப்பது வருடமாக அப்படித்தான் ஊர் பார்த்தார்கள். கணவர் வேகமாக முன்னால் நடப்பார். மனைவி பையைச் சுமந்துகொண்டு பத்தடி பின்னால் வருவார்.

போன வருடம் கணவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. இனி மெதுவாகத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு அது பெரிய தோல்வியாகப் பட்டது. இனி நமக்கு ஊரெல்லாம் எதற்கு என்று வீட்டிலேயே முடங்கினார். மனைவிதான் பிடிவாதமாக பிஷ்ணுபூருக்கு ரயில் ஏற்றினார்.

மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்தில், மல்ல மன்னர்கள் ஆண்ட ஊர் அது. 1643-ல் கட்டிய ஷ்யாம்ராய் கோயில், 1655-ல் கட்டிய ஜோர் பங்களா இரண்டும் அங்கே புகழ்பெற்றவை. ஜோர் பங்களா, இரண்டு குடிசைகளை ஒட்டி வைத்தது போல இருக்கும். செங்கல் சுவர் முழுக்க சுட்ட மண்ணில் சின்னச் சின்ன சிற்பங்கள். ராமாயணம், மகாபாரதம், வேட்டை, படகுகள்... வேகமாகக் கடந்து போனால் வெறும் சிவப்புச் சுவர்தான் தெரியும்!

மூச்சு வாங்கியதால் கணவர் அதன் எதிரே உட்கார்ந்தார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர் அவர் கண்ணில் பட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்ததோ என்னவோ, வெகுநேரம் அதையே பார்த்தார்.

மதியம் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. சோறு, இஞ்சியும் சோம்பும் மணக்கும் உளுத்தம்பருப்பு, கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கில் புரட்டிய ஆலு போஸ்தோ. அந்த வெயில் சீமையில் கசகசா உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். இரண்டு தட்டும் ஒன்றாக வந்தன. வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மனைவி உட்காருவார்.

"நீ சூடா சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கணவர் கேட்டார்.

"எண்ணலைங்க. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றார் மனைவி.

மறுநாள் காலை முழுவதும் ஒரு தறி வீட்டில் கழிந்தது. பாலுச்சரி பட்டுப்புடவையின் முந்தானையில் புராணக் காட்சிகளை நெய்கிறார்கள். ஒரு புடவைக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நெசவாளரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. அவசரப்படுத்தினால் உருவம் கலைந்துவிடும்.

அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ராஸ்மஞ்சா, மதன்மோகன் கோயில் எதையும் பார்க்கவில்லை. பழைய மனிதராக இருந்தால் கோபப்பட்டிருப்பார்.

"இருக்கட்டும், குளிர்காலத்தில் இன்னொரு தடவை வரலாம்" என்றார் கணவர்.

இனி நமக்கு ஊரெல்லாம் எதற்கு என்று கேட்டவர் அவர்தான்! மனைவி பதில் சொல்லவில்லை. ஸ்டேஷன் வரை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். பை இப்போது அவர்கள் இருவருக்கும் நடுவில், ஆளுக்கொரு பிடியாக.